போக ஐந்து மணி, திரும்ப நான்கு மணி

டோக்கியோவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,900 கி.மீ. போனாலும் வந்தாலும் அதே தூரம்தான். ஆனால் குளிர்காலத்தில் டோக்கியோவிலிருந்து ஹாங்காங் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. திரும்ப நான்கு மணி நேரம் போதும். ஏன்?

பூமி சுழல்வதால் விமானத்துக்குக் கீழே ஊர் நகர்ந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது.

காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்று. சைபீரியக் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டால், மேலே காற்று வடக்கு நோக்கித் தள்ளப்படுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் உலகிலேயே மிக வலுவான ஜெட் காற்றுகளில் ஒன்று ஜப்பானின் தலைக்கு மேல்தான் ஓடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் சராசரி வேகம் 150 என்று வைத்துக்கொள்வோம். எதிர்காற்றில் 750, பின்காற்றில் 1,050. பறக்கும் நேரம் மட்டும் ஒரு பக்கம் 3 மணி 52 நிமிடம், மறுபக்கம் 2 மணி 46 நிமிடம்.

இந்தக் காற்றை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓயிஷி. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார். அநேகமாக யாருமே படிக்கவில்லை. 1944இல் டோக்கியோ மீது குண்டு வீச வந்த அமெரிக்க விமானிகள் அதே காற்றில் சிக்கித் திணறினார்கள்.