தனியே நினைக்க முடியாத பாட்டு

கூடி வாசித்தவர்கள் – 14

முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் பியூகிள் என்ற ஊதுகருவியும் முரசும் கொண்டு தொடங்கிய அணிகள், மெல்ல மெல்ல அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் அணிகளாக மாறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அமெரிக்கன் லீஜன் கிளைகள், கத்தோலிக்கப் பங்குகள், சாரணர் குழுக்கள் என்று பலரும் ஆதரித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் டிரம் கோர் எனப்படும் இந்த அணிகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்த முதல் டிரம் கோர் இன்டர்நேஷனல் போட்டியில், கலிபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் அணி பட்டம் வென்றதோடு நிறுத்தியிருந்தோம்.

போட்டி முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள்? அதுதான் இந்த வாரம்.

இளையோர் அணிகளில் அப்போது வயது வரம்பு 21. அதைத் தொட்டுவிட்டால் அந்தக் கோடையோடு சரி. எவ்வளவு நன்றாக ஊதினாலும் அடுத்த ஆண்டு இடம் கிடையாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் சேர்ந்த பிள்ளைக்கு இது சாதாரணப் பிரிவு இல்லை. அந்த வயதின் கோடைகளை முழுக்க அவர்கள் ஒன்றாகக் கழித்திருப்பார்கள். பகலெல்லாம் வெயிலில் பயிற்சி. மாலையில் போட்டி. இரவு முழுக்கப் பஸ். விடியும்போது ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், வெறும் மரத்தரையில் வரிசையாகப் படுக்கை. சமைத்துப் போடவும் சீருடை தைக்கவும் சில பெற்றோர் கூடவே வருவார்கள்.

போட்டி முறையும் அவர்களை ஒருவரோடொருவர் கட்டிப்போட்டது. 1980களின் முற்பகுதி வரை, நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக அணிக்குள்ளேயே நடந்து வருவார்கள். ஒரு பிசகுக்கு ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு போகும். ஒருவர் கால் தவறினால் நஷ்டம் எல்லோருக்கும். பக்கத்திலிருப்பவரின் தோளைக் கண்ணோரத்தால் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகியவர்கள் இவர்கள்.

இவர்களுடைய வாசிப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பாஸ் டிரம் வரிசையில் சிறியது முதல் பெரியது வரை முரசுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சுருதி, ஒவ்வொன்றையும் சுமப்பவர் ஒருவர். மேல் சுருதியிலிருந்து கீழ்ச் சுருதிக்கு உருண்டு வரும் ஓர் அடுக்கில் ஒருவர் பங்குக்கு வருவது ஒன்றிரண்டு அடிகள்தான். முன்னவர் அடித்த மறுகணம் அடித்து, உடனே அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். முப்பது ஆண்டு கழித்து அவர் தன் வீட்டு மேசையில் அதைத் தட்டிக் காட்டினால் என்ன கேட்கும்? ஒரு ‘டொக்’, நீண்ட இடைவெளி, பிறகு இரண்டு ‘டொக் டொக்’. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது எதுவுமே இல்லை. அவர் காதில் மட்டும் மற்ற முரசுகளும் சேர்ந்து ஒலிக்கும்.

பியூகிளிலும் இதே கதைதான். மூன்றாம் சொப்ரானோ ஊதியவர் கையில் மெட்டு இருக்காது. மெட்டுக்கு அடியில் நிற்கும் நடு ஸ்வரங்களே இருக்கும். அவருக்கு மனப்பாடமாக இருப்பது பாட்டின் ஒரு கீற்று.

இவர்கள் நட்பின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பிறந்த ஊரையோ படித்த பள்ளியையோ தனியாக உட்கார்ந்தும் நினைத்துக்கொள்ளலாம். இவர்களால் அப்படி முடியாது. ஊர் கூடினால்தான் தேர் நகரும். அதனால்தான் இவர்கள் விருந்துச் சாப்பாட்டுக்கு மட்டும் கூடிக் கலைவதில்லை. கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு, பழைய அணியையே மறுபடி நிறுத்தப் பார்க்கிறார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ரிவியர் நகரத்தின் 27ஆம் லான்சர்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். 1980இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் வாசித்த அணி அது. ‘டேனி பாய்’ பாட்டு என்றாலே அவர்கள் நினைவுக்கு வருவார்கள். அந்த அணி 1986ஓடு நின்றுபோனது. ஆனால் 1994இல் பாஸ்டனுக்கு அருகே ஃபாக்ஸ்பரோவில் டிரம் கோர் இன்டர்நேஷனல் போட்டி நடந்தபோது, பழைய லான்சர்கள் ஒன்றுசேர்ந்து அந்த மைதானத்தில் இறங்கினார்கள். 2006இல் மாடிசன் நகரத்துக்கு அதே போட்டி வந்தபோது, மாடிசன் ஸ்கவுட்ஸ் அணியின் பழையவர்கள் சொந்த ஊர் மைதானத்தில் நின்றார்கள். ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ தான் அந்த அணியின் பாட்டு. 2007இல் பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில், முதல் பட்டம் வென்று 35 ஆண்டுகளுக்குப் பிறகு, எப்போதோ கலைந்துபோன கிங்ஸ்மென் மறுபடி அணிவகுத்தார்கள். வைட்வாட்டரில் நின்ற பிள்ளைகள் அப்போது ஐம்பதைத் தொட்டும் தாண்டியும் இருந்தார்கள்.

ஐம்பது வயதில் இது எளிதான காரியம் இல்லை. பல ஆண்டு ஊதாத உதடு சில நிமிடங்களிலேயே தளர்ந்துவிடும். பெரிய பியூகிளான கான்ட்ராபாஸைத் தோளில் ஏற்றினால் முதுகு பேசும். மாதக்கணக்கில் வார இறுதிகளை ஒதுக்கி, தூர ஊர்களிலிருந்து சொந்தக் காசில் பயணம் செய்து பயிற்சிக்கு வர வேண்டும். வெளியில் யார் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வரிசையில் அவருக்கு ஓரிடம், அவ்வளவுதான். இறந்துபோனவர்களின் இடங்களும் இருக்கும். அந்தப் பங்கை இன்னொருவர் புதிதாகக் கற்று வாசிக்க வேண்டும். நண்பனுக்குச் செய்யும் மரியாதைகளில் இதைவிட நேரான ஒன்றை நான் அறியேன். அவன் அடித்த அடியை அவன் அடித்த கணத்திலேயே அடிப்பது.

கருவிகளும் மாறிவிட்டன. 1990இல் மூன்று வால்வு பியூகிளுக்கு அனுமதி வந்தது. 2000இல், ஜி சுருதி மட்டும் என்றிருந்த விதி தளர்ந்து, எந்தச் சுருதிப் பித்தளைக் கருவியும் சரி என்றானது. பழையவர்களின் அணிகள் பலவற்றில் இன்றும் ஜி சுருதி பியூகிள்தான். இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கக் கூடாது. அவர்கள் உதடும் காதும் பழகிய ஒலி அது, தங்கள் பங்கை அவர்கள் கற்றதும் அதில்தான்.

பழையதை நினைத்து ஏங்குவது வீண் என்று சொல்பவர்கள் உண்டு. சும்மா உட்கார்ந்து ஏங்கினால் வீண்தான். இவர்களின் ஏக்கம் உழைப்பைக் கேட்கிறது, மூச்சைக் கேட்கிறது, பக்கத்தில் ஓர் ஆளைக் கேட்கிறது. அணியைக் கலைத்தது பணமுடையாக இருக்கலாம், வயது விதியாக இருக்கலாம். ஆளுக்கொரு கீற்றாகப் பாட்டைச் சுமந்துகொண்டிருக்கும்வரை அவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

வயது வரம்பே வைத்துக்கொள்ளாத அணிகளும் அமெரிக்காவில் உண்டு. 1946இல் நியூ ஜெர்சியில் பிறந்த ஹாதார்ன் கபயேரோஸ் அவற்றில் ஒன்று. அவர்களை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)