சுழலும் மேசைக்குப் பின்னால் ஒரு பினாங்கு மருத்துவர்

சீன நண்பர் வீட்டுத் திருமண விருந்துக்குப் போனவர்கள் அந்த வட்ட மேசையை மறந்திருக்க மாட்டார்கள். பத்துப் பேர் சுற்றி உட்கார, நடுவில் ஒரு தட்டு சுழலும். மீன், கோழி, கீரை என ஒவ்வொன்றாக நம் முன்னே வந்து நிற்கும்.

இப்படியொரு தட்டைச் சீனாவில் வலியுறுத்தியவர், 1879-இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே. 1910-11-இல் மஞ்சூரியாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிளேக் நோயைக் கட்டுப்படுத்தியவர் அவர். பிற்காலத்தில் ஈப்போவில் கிளினிக் நடத்தினார்.

பொதுக் கிண்ணத்தில் எல்லாரும் தங்கள் சாப்ஸ்டிக்கை விட்டு எடுப்பதால் காசநோய் போன்ற நோய்கள் பரவும் என்று அவர் அஞ்சினார். ஆளுக்கொரு தட்டில் பிரித்துக் கொடுத்தால் சுத்தம்தான். ஆனால், கூடி உண்ணும் சீன வழக்கத்துக்கு அது ஒத்துவராது. ஆகவே 1915-இல் சுழலும் மரத்தட்டை முன்வைத்தார். அதில் வைக்கும் ஒவ்வொரு கறிக்கும் தனிக் கரண்டி உண்டு. தட்டைச் சுழற்றி, அந்தக் கரண்டியால் தம் கிண்ணத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு, சொந்தக் குச்சியால் சாப்பிடலாம்.

எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். வாழை இலை விருந்திலும் சாப்பிடுகிறவர் கை பாத்திரத்துக்குள் போவதில்லை. பரிமாறுகிறவரின் கரண்டிதான் போகிறது.

இன்று பல மேசைகளில் தட்டு சுழல்கிறது, கரண்டியைத்தான் காணோம். நோயைத் தடுப்பது சுழற்சி அல்ல, கரண்டி. அடுத்த விருந்தில் அது இல்லையென்றால், தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.