தியானம் பழகுமுன் நுரையீரலைக் கேளுங்கள்

தியானம் பழகப் போனால் முதல் நாள் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, மெல்ல விட வேண்டும். நோய்நொடி இல்லாத இளைஞருக்கு இது பொருந்தும். கோலார் தங்கவயலில், சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்களுக்கு இதே பாடம் வினையாகிவிடலாம்.

காரணம் பாறைத்தூசு. தங்கம் ஓடிய குவார்ட்ஸ் பாறை முழுக்க சிலிகா. துளைபோட்டு வெடிவைக்கும்போது கிளம்பும் நுண்தூசு நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் செரிக்க முடியாமல் மடியும். அந்த இடம் தழும்பேறும். இதுதான் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் 1940-களில் தங்கவயல் தொழிலாளர்களிடம் நடந்த மருத்துவ ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. நோய் அத்தோடு நிற்கவில்லை. தூசு நின்ற பிறகும் தழும்பு வளரக்கூடியது.

தழும்பேறிய நுரையீரல் விறைத்துவிடும். அதை முழுதாக விரிக்க அதிக பலம் வேண்டும். அதனால் உடல் தானாகவே சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக வாங்குகிறது. இருக்கிற பலத்தை அது அப்படித்தான் சேமிக்கிறது. இப்படிப்பட்டவரிடம் 'ஆழமாக இழுங்கள், அடக்குங்கள்' என்றால் திணறலும் படபடப்பும்தான் மிஞ்சும். மூச்சையே கவனித்துக்கொண்டிருப்பதுகூடச் சிலருக்குத் திணறலைக் கூட்டிவிடும்.

அப்படியானால் இவர்களுக்குத் தியானம் இல்லையா? நிச்சயம் உண்டு. மனதைக் கட்டிவைக்க மூச்சைத் தவிர வேறு வழியே இல்லை என்று யார் சொன்னது? மடியில் கிடக்கும் கைகளின் சூட்டைக் கவனிக்கலாம். தூரத்தில் கேட்கும் ஒலியைப் பின்தொடரலாம். பழகிய ஒரு சொல்லை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கலாம். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. ஆரோக்கியமானவர்களை லத்தீன் ஜெபமாலை மந்திரத்தையும், திபெத்திய பௌத்த மந்திரத்தையும் ஓதவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற கணக்குக்குத் தானாக இறங்கியது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போயின. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று நிதானப்படுத்துகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் நுரையீரல் நலிந்தவர் அந்த 6-ஐ எட்ட முயலவே கூடாது. சொல் மனதில் ஓடட்டும். மூச்சு அதன் போக்கில் போகட்டும்.

அடுத்தது உட்காரும் விதம். சம்மணம் போட்டுச் சற்று நேரத்தில் கால் மரத்துப்போவதற்கு முக்கியக் காரணம், முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்துவது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கத் தேவையில்லை. போர்வையை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் வையுங்கள். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்தால் கீழ்முதுகின் இயல்பான வளைவு கெடாது, நிமிர்ந்திருக்கத் தனிப் பிரயத்தனம் வேண்டாம். முழங்கால் தேய்ந்தவருக்கு நாற்காலி போதும். பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும், அவ்வளவுதான். இளைப்பு உள்ளவர் மேசைமேல் தலையணை வைத்து, முழங்கைகளை அதில் ஊன்றி, லேசாக முன்சாய்ந்து உட்காரலாம். தோளின் பாரம் இறங்குவதால் கழுத்து, மார்புத் தசைகள் மூச்சுக்கு உதவ வரும். மல்லாந்து படுப்பது இவர்களுக்குச் சரிவராது.

நாற்காலியில் உட்கார்ந்தால் அது தியானமாகுமா என்று தயங்குகிறவர்கள் தங்கள் ஊர் வரலாற்றையே பார்க்கலாம். தமிழ் பௌத்த முன்னோடி அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலின் மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. தமிழ் பௌத்தம் வேர்பிடித்த ஊர் இது. பௌத்த நூலான சதிபட்டான சுத்தம் நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் நான்கையும் விழிப்போடு செய்யச் சொல்கிறது. ஆகவே வீட்டுவாசலில் மெதுவாக நடப்பதும் தியானம்தான். விடியலில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, ஜன்னலோர இருக்கையில் கண்மூடி ஐந்து நிமிடம் சக்கர ஓசையைக் கவனிப்பதே தொடக்கத்துக்குப் போதும். மனம் அலைந்தால் திரும்பக் கொண்டுவர வேண்டியதுதான்; அப்படிக் கொண்டுவருவதுதான் பயிற்சியே.

தியானம் தழும்பைக் கரைக்காது, மருந்துக்கும் மாற்றாகாது. திணறல் கூடினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தங்கவயலில் யோகாவும் தியானமும் சொல்லித்தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வருகிறவரைக் கண்ணை மூடச் சொல்வதற்கு முன், சுரங்கத்தில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்துப் பாடத்தை மாற்றுங்கள்.