கூடங்குளம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த 'டிட்ராக்'... எப்படி ஒளிந்தது? எதைத் தேடியது?

2019 அக்டோபர் 29. கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வெளியானது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குகிறது, இணையத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை, அதனால் அதன் மீது சைபர் தாக்குதல் நடத்தவே முடியாது என்பது அதன் சாரம். சமூக வலைதளங்களில் பரவுவது பொய்த் தகவல் என்றும் சொல்லப்பட்டது.

மறுநாளே, அக்டோபர் 30 அன்று, மும்பையில் இருக்கும் இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. கழகத்தின் கணினி ஒன்றில் மால்வேர் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான் என்றது அது. நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனரின் கம்ப்யூட்டர் அது. முக்கியமான உள் நெட்வொர்க்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. அணு உலை இயக்கத்துக்குப் பாதிப்பில்லை என்று விளக்கம் கொடுத்தது. இன்னொரு தகவலும் அதில் இருந்தது. மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' இதைக் கவனித்துச் சொன்னது செப்டம்பர் 4-ஆம் தேதி. அதாவது, பொதுமக்களுக்குத் தெரியவருவதற்கு கிட்டத்தட்ட 8 வாரங்களுக்கு முன்னாடியே!

இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தால் பெரிய முரண்பாடு இல்லை என்றுகூடச் சொல்லலாம். உலையின் கட்டுப்பாட்டு அமைப்பை யாரும் தொடவில்லை. சரி. ஆனா, உள்ளே வந்த மால்வேர் உலையை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அது ஒரு ஒற்றன். அதன் வேலையே ஆபீஸ் கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் உட்கார்ந்து வேவு பார்ப்பதுதான்.

விஷயம் வெளியே வந்தது எப்படி?

'வைரஸ்டோட்டல்' என்று ஒரு இணையதளம் உண்டு. சந்தேகமான ஃபைல் எதையாவது அதில் ஏற்றினால், பல டஜன் ஆன்டிவைரஸ்கள் அதைச் சோதித்துப் பார்த்து முடிவு சொல்லும். அப்படி ஏற்றப்படும் மால்வேர் மாதிரிகளை உலகம் முழுக்க ஆய்வாளர்கள் தொடர்ந்து அலசிக்கொண்டே இருப்பார்கள். அக்டோபர் 28 அன்று அங்கே இருந்த ஒரு மாதிரியில் கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் இருப்பதை ட்விட்டரில் சிலர் சுட்டிக்காட்டினார்கள். மத்திய அரசின் தொழில்நுட்ப உளவு அமைப்பான என்.டி.ஆர்.ஓ.வில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங், இது பற்றி அரசுக்கு முன்பே தகவல் சொல்லப்பட்டுவிட்டது என்று பதிவிட்டார். ஊடுருவியவர்களுக்கு 'டொமைன் கன்ட்ரோலர்' அளவுக்கு அணுகல் கிடைத்திருந்தது என்பதும் அவர் சொன்னதுதான்.

டொமைன் கன்ட்ரோலர் என்றால், ஒரு அலுவலகத்தில் யார் யார் எந்தக் கம்ப்யூட்டரில் லாக்-இன் செய்யலாம் என்று முடிவு செய்யும் தலைமை சர்வர். அது கையில் இருந்தால், அந்தக் கட்டடத்தின் எல்லா அறைச் சாவிகளும் மாட்டியிருக்கிற பலகையே கையில் இருக்கிற மாதிரி. அணுமின் கழகத்தின் அறிக்கை ஒரு பயனரின் கம்ப்யூட்டர் பற்றி மட்டும்தான் பேசுகிறது. இந்த இரண்டு கூற்றுக்கும் நடுவில் இருக்கும் தூரம் சின்னது இல்லை.

ஏடிஎம்மில் தொடங்கிய கதை

இந்த மால்வேரின் பெயர் டிட்ராக். கூடங்குளம் செய்தி வெடிப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன், 2019 செப்டம்பரில், ரஷ்யாவைச் சேர்ந்த காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தது. 2018-ல் இந்திய வங்கிகளின் ஏடிஎம்களில் ஒரு மால்வேரை அந்த நிறுவனம் கண்டுபிடித்தது. மெஷினுக்குள் செருகப்படும் கார்டுகளின் விவரத்தைப் படித்துச் சேமித்து வைப்பது அதன் வேலை. பெயர் ஏடிஎம்-டிட்ராக். அதே மாதிரியான கோடு வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடிப் போனபோது 180-க்கும் மேற்பட்ட புதிய மாதிரிகள் சிக்கின. அவை ஏடிஎம்முக்கானவை இல்லை. சாதாரண கம்ப்யூட்டர்களை வேவு பார்ப்பவை.

யானை உண்ட விளாங்கனி

டிட்ராக் ஒளிந்துகொள்ளும் விதம்தான் இதில் சுவாரஸ்யமான பகுதி.

முதலில் வருவது 'டிராப்பர்' எனப்படும் ஒரு ஃபைல். பார்க்க சாதாரண புரோகிராம் மாதிரி இருக்கும். விண்டோஸ் புரோகிராம் ஃபைல்களில், முடியவேண்டிய இடத்துக்கு அப்புறமும் கூடுதலாகத் தகவலை ஒட்டி வைக்கலாம். ரயிலின் கடைசியில் கோத்த கூடுதல் பெட்டி மாதிரி. அந்த வாலை விண்டோஸ் கண்டுகொள்ளாது. உண்மையான மால்வேர், குறியாக்கம் செய்யப்பட்டு, அந்த வாலில்தான் சுருண்டு கிடக்கும். பூட்டிய நிலையில் இருப்பதால் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்த்தாலும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஃபைலை ஓடவிட்ட பிறகுதான், கம்ப்யூட்டரின் மெமரியில் வைத்து, பூட்டு திறக்கப்படும்.

அடுத்து வருவதுதான் உச்சம். டிட்ராக் தன் பெயரில் ஓடுவதே இல்லை. விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும் நல்ல புரோகிராம்களின் பட்டியல் ஒன்றை அது கையோடு வைத்திருக்கிறது. ஃபான்ட்டைத் திறந்து காட்டும் 'ஃபான்ட்வியூ', மென்பொருள் நிறுவும் 'எம்எஸ்ஐஎக்ஸெக்', எழுத்துகளைக் காட்டும் 'கேரக்டர் மேப்' போன்ற பெயர்கள் அதில் உண்டு. அவற்றில் ஒன்றைத் தொடங்கி, ஓட ஆரம்பிக்கும் முன்பே நிறுத்தி வைத்துவிடும். உள்ளே இருக்கும் அசல் கோடை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தன்னை நிரப்பிக்கொண்டு, மறுபடி ஓட விடும்.

யானை உண்ட விளாங்கனி என்று தமிழில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். வெளி ஓடு அப்படியே இருக்கும், உள்ளே சதை இருக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் விண்டோஸின் சொந்தப் பெயர்தான் தெரியும். யாருக்கு சந்தேகம் வரும்?

கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டா போயிடுமா?

போகாது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாகத் தொடங்கவேண்டிய புரோகிராம்களுக்கென்று விண்டோஸில் சில இடங்கள் இருக்கின்றன. நம்ம ஆபீஸ் சிஸ்டத்தில் சாட் ஆப் தானாகவே திறக்கிறதே, அதே வழிதான். டிட்ராக்கோடு வரும் ரிமோட் கன்ட்ரோல் பகுதிக்கு, குறிப்பிட்ட ஃபைலை அந்த வரிசையில் சேர்த்துவிடும் கட்டளை இருக்கிறது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அது திரும்ப எழுந்து உட்காரும்.

வேறு இரண்டு கட்டளைகளையும் கவனிக்கவேண்டும். ஒன்று, 'அடுத்த உத்தரவு வந்திருக்கிறதா' என்று எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்ற இடைவெளியை மாற்றுவது. ஒரு கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை தெரியாத சர்வரோடு பேசினால் நெட்வொர்க் நிர்வாகி கண்டுபிடித்துவிடுவார். எப்போதாவது ஒருமுறை பேசினால், ஆயிரக்கணக்கான மற்ற இணைப்புகளுக்கு நடுவில் அது கரைந்துபோகும். இரண்டாவது, வேலை முடிந்ததும் தன்னையும் தான் போட்ட ஸ்டார்ட்-அப் பதிவையும் சேர்த்து அழித்துவிட்டுக் கிளம்புவது. 'இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் மால்வேர் இல்லை' என்று யாராவது சொன்னால், அது பாதி பதில்தான்.

எதை எடுக்கும்?

கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும். பிரவுசரில் போய்வந்த பக்கங்களின் பட்டியல். கம்ப்யூட்டரின் ஐபி முகவரி, அது எந்தெந்த நெட்வொர்க்கோடு பேசுகிறது, என்னென்ன புரோகிராம்கள் ஓடுகின்றன, எல்லா டிரைவ்களிலும் இருக்கும் ஃபைல்களின் பெயர்கள்.

இதில் ரகசிய ஆவணம் எதுவும் இல்லையே என்று தோன்றலாம். ஆனா திருடப் போகிறவன் முதலில் வீட்டைத்தானே நோட்டம் விடுவான்? எந்த அறையில் பீரோ, எந்தப் பக்கம் நாய், யார் எப்போ வெளியே போறாங்க என்பதுதான் முதல் தகவல். ஃபைல் பட்டியல் கிடைத்துவிட்டால், அடுத்த முறை எதை எடுப்பது என்று தெரிந்தே வரலாம். தட்டிய எழுத்துகள் கிடைத்தால் பாஸ்வேர்டு கிடைத்துவிடும். டிட்ராக்கின் சில மாதிரிகள், திரட்டியதையெல்லாம் பாஸ்வேர்டு போட்ட சுருக்க ஃபைலாகக் கட்டி வைக்கின்றன. அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எந்தப் பாதுகாப்பு மென்பொருளாலும் வழியில் பிரித்துப் பார்க்க முடியாது.

கூடங்குளம் மாதிரி மட்டும் ஏன் வேறு?

வைரஸ்டோட்டலில் சிக்கிய அந்தக் குறிப்பிட்ட மாதிரி, எடுத்த தகவலை நேராக இணையம் வழியே வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. உள் நெட்வொர்க்கிலேயே இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி, அதில் நுழைவதற்கான நிர்வாகியின் பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாமே மால்வேரின் கோடுக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன.

இதன் அர்த்தம் லேசானது இல்லை. உள் நெட்வொர்க் முகவரிகள் வெளியிலிருந்து தெரியாது. கூகுளில் தேடினாலும் கிடைக்காது. நிர்வாகி பாஸ்வேர்டு அதைவிட ரகசியம். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் இந்த மாதிரியைத் தயாரித்திருக்கிறார்கள் என்றால், இதற்கு முன்பே ஒருமுறை யாரோ உள்ளே வந்து பார்த்திருக்கவேண்டும். ஆய்வாளர்கள் இதை இரண்டாம் கட்டக் கருவி என்று கருதியது அதனால்தான். யாரோ தெரியாமல் திறந்த மெயிலில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ் இல்லை இது. இந்த இடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

உள்ளுக்குள்ளேயே ஒரு இடத்தில் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. ஆபீஸுக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் போவது தினமும் நூறு முறை நடக்கும் விஷயம். வெளியே போகும் வாசலில்தான் காவல் அதிகம். பத்து அறைகளில் எடுத்ததை ஒரே அறையில் குவித்துவிட்டு, வாசலை ஒரே ஒரு தடவை தாண்டினால் போதும்.

யார் செய்தது?

டிட்ராக்கின் கோடு, 2013 மார்ச்சில் தென்கொரியாவில் நடந்த தாக்குதலில் பயன்பட்ட கோடோடு ஒத்துப்போகிறது என்று காஸ்பர்ஸ்கி சொன்னது. அன்று ஒரே நேரத்தில் அந்நாட்டு வங்கிகளும் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களும் முடங்கின. அதன் பின்னணியில் இருந்ததாகச் சொல்லப்படுவது 'லாசரஸ்' குழு. 2014-ல் சோனி பிக்சர்ஸ், 2016-ல் வங்கதேச மத்திய வங்கியின் 8.1 கோடி டாலர் என்று இந்தக் குழுவின் மீது பெரிய பட்டியல் இருக்கிறது. இது வடகொரிய அரசின் குழு என்று சொல்லி, 2019 செப்டம்பர் 13-ல் அமெரிக்கா தடை விதித்தது. வடகொரியா இப்படியான குற்றச்சாட்டுகளை மறுத்து வருகிறது.

கோடு ஒத்துப்போவதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதையும் சொல்லியாகவேண்டும். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கைத் தாக்கிய மால்வேரில் லாசரஸின் கைரேகை மாதிரியே ஒன்று வேண்டுமென்றே பதிக்கப்பட்டிருந்தது. பிறகு அது போலி என்று தெரிந்தது. அந்த வழக்கில் அமெரிக்கா 2020-ல் குற்றம் சாட்டியது ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் மீது.

'இணையத் தொடர்பே இல்லை' என்ற பதில்

கட்டுப்பாட்டு அமைப்பை வெளி நெட்வொர்க்கிலிருந்து முழுசாகத் துண்டித்து வைப்பது நல்ல பாதுகாப்பு. அதில் சந்தேகமில்லை. ஆனா 'முடியவே முடியாது' என்று சொல்லும்போதுதான் ஈரானின் நதான்ஸ் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த யுரேனியச் செறிவூட்டல் ஆலையும் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டதுதான். 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், பென்டிரைவ் வழியாகவும் பரவும்படி செய்யப்பட்டிருந்தது. இரண்டு தைவான் நிறுவனங்களிடமிருந்து திருடிய டிஜிட்டல் சான்றிதழ்களைக் காட்டி, தன்னை நம்பகமான மென்பொருள் என்று விண்டோஸை நம்பவைத்தது. சென்ட்ரிஃபியூஜ் இயந்திரங்கள் தாறுமாறாகச் சுழன்றபோது, ஊழியர்களின் திரைக்கு முன்பே பதிவு செய்து வைத்த 'எல்லாம் நார்மல்' தகவலை அனுப்பிக்கொண்டிருந்தது. சுமார் 1,000 சென்ட்ரிஃபியூஜ்கள் வீணானதாக மதிப்பிடப்பட்டது.

கூடங்குளத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் துண்டிக்கப்பட்ட அமைப்புக்கும் யாரோ ஒருவர் அப்டேட் கொண்டுபோகவேண்டும், யாரோ ஒருவர் லேப்டாப்பை இணைத்துச் சோதிக்கவேண்டும். அந்த ஆட்கள் யார், அவர்களுடைய ஷிப்ட் எப்போது, எந்த நிறுவனம் பழுது பார்க்க வருகிறது என்ற விவரமெல்லாம் எங்கே இருக்கும்? நிர்வாக நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான். அக்டோபர் 30 அறிக்கையில் உலை பத்திரமாக இருப்பது பற்றி இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்னென்ன ஃபைல்கள் வெளியே போயின என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

டிட்ராக் போன்ற மால்வேர் உள்ளே நுழைய என்ன காரணம் என்று காஸ்பர்ஸ்கி சொன்னது மூன்றே விஷயம்: நெட்வொர்க் பாதுகாப்பு விதிகள் பலவீனமாக இருப்பது, பாஸ்வேர்டு விதிகள் பலவீனமாக இருப்பது, நெட்வொர்க்கில் என்ன போய் வருகிறது என்று யாரும் கவனிக்காமல் இருப்பது. மூன்றுமே அரதப் பழசான குறைகள்தான்.

2022 நவம்பரில் அதே நிறுவனம் மறுபடி டிட்ராக் பற்றி எழுதியது. ஜெர்மனி, இத்தாலி, பிரேசில், மெக்சிகோ என்று புதிய நாடுகளில் அது தென்பட்டிருந்தது. பட்டியலில் இந்தியாவும் இருந்தது. அதில் ஒரு மாதிரி, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் மென்பொருளின் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தது.