பெப்பர்மின்ட் தைலமும் அதன் உபயோகங்களும்

ஆனி மாதத்தில் மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவந்து, அருவிகளில் நீர் பெருகத் தொடங்கியதும், தென்காசியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்திலுள்ள குற்றாலத்திற்கு நான்கு திசைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து சேருகின்றனர். உடல் முழுவதும் தைலம் தேய்த்துப் பிடித்துவிட்டபின் அருவியின் கீழ் நிற்பது, தலைமுறைகளாக அவ்வூருக்குப் பெயர் வாங்கித்தந்த வழக்கமாகும். அப்படித் தேய்த்துக்கொள்ளும் பொருளையும் தைலம் என்கிறோம். ஜலதோஷத்திற்கும் தலைவலிக்கும் சிறு சீசாக்களில் வாங்கி வைத்துக்கொள்ளும் பெப்பர்மின்ட் தைலம், நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம் ஆகியவற்றையும் தைலம் என்றே சொல்லுகிறோம். பெயர் ஒன்றாயிருப்பினும் பொருள்கள் இரண்டும் முற்றிலும் வேறானவை. இவ்வேற்றுமையை அறியாமையினால் வீடுகளில், முக்கியமாகக் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில், விபரீதங்கள் நேரிடுவதுண்டு.

தைலம் என்னும் சொல் எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. தமிழில் எண்ணெய் என்பதும் எள்ளின் நெய் என்றே பொருள்படும். ஆகவே வைத்தியர்கள் நல்லெண்ணெயில் மூலிகைச் சாறுகளைச் சேர்த்துக் காய்ச்சி இறக்கும் மருந்துக்கே இப்பெயர் முதலில் உரியது. அது கொழுப்புள்ள எண்ணெய். கை நிறைய எடுத்துத் தேய்த்தாலும் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. மற்றொன்றோ செடியின் வாசனை முழுவதையும் வடித்தெடுத்த சத்து. அதில் கொழுப்பே இல்லை. திறந்து வைத்தால் காற்றில் பறந்துவிடும். முன்னதைக் கரண்டியால் அளக்கலாம். பின்னதைத் துளியால்தான் அளக்கவேண்டும்.

இரண்டையும் பிரித்தறிவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுச் சிறிது நேரம் காற்றாட வைக்கவேண்டும். நல்லெண்ணெயாயின் காகிதத்தில் பிசுக்குக் கறை நிலைத்துவிடும். சுத்தமான வாசனைத் தைலமாயின் அநேகமாகச் சுவடின்றி மறைந்துபோகும். பெப்பர்மின்ட் தைலம் என்று சொல்லி விற்கப்பட்ட சீசாவிலிருந்து எடுத்த துளி எண்ணெய்க் கறையை விட்டுச்சென்றால், அதில் மலிவான எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறதென்று அறியலாம். வேறு வாசனைச் சரக்குகளின் கலப்பை இச்சோதனை காட்டாது.

பெப்பர்மின்ட் என்பது நம் வீட்டுத் தொட்டியில் வளரும் புதினாவன்று. அதன் நெருங்கிய உறவு. ஐரோப்பாவில் நீரோரங்களில் வளரும் ஒருவகைப் புதினாவும், சமையலுக்காகும் புதினாவும் கலந்து பிறந்த கலப்பினச் செடி அது. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தாவர சாஸ்திரிகள் அதைத் தனியாகக் குறித்தனர். கலப்பினமாகையால் அதில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. வேரோடு ஓடும் தண்டுகளை வெட்டி நட்டே பயிரிடுகின்றனர். துவையலுக்கு நாம் அரைக்கும் புதினாவில் பெரும்பாலும் வேறு வாசனைச் சத்தே மிகுதி. பெப்பர்மின்டுக்கு அதன் குளிர்ச்சியைத் தரும் மென்தால் அதில் அற்பமே. ஆகவே வீட்டுப் புதினாவை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பெப்பர்மின்ட் தைலம் கிடைக்காது. ரசத்திற்கும் துவையலுக்கும் அது எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது வேறு விஷயம்.

தைலம் எடுப்பது வாலையில் இட்டு வடிக்கும் முறையினாலாகும். பூக்கும் தருணத்தில் செடியை அறுத்து, அரைகுறையாக வாடவிட்டு, பெரிய கொப்பரையில் அடைத்து அதனூடே நீராவியைச் செலுத்துவர். இலையின் மேலுள்ள நுண்ணிய பைகளில் தங்கியிருக்கும் தைலம் ஆவியோடு கலந்து வெளியேறும். அந்த ஆவியைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திய குழாய் வழியே செலுத்தினால் நீரும் தைலமுமாக இறங்கும். தைலம் நீரைவிட இலேசானதாகையால் மேலே மிதக்கும், அதை வடித்தெடுப்பர். 100 கிலோ பச்சைத் தழைக்கு ஒரு கிலோ தைலம் கிடைப்பதே அரிது. ஒரு துளியில் எத்தனை இலைகளின் காரம் அடங்கியிருக்கிறதென்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வாசனைச் செடிகள் குற்றாலத்திற்குப் புதியவையல்ல. 18-ஆம் நூற்றாண்டின் முடிவையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்காத் தீவுகளிலிருந்து கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைக் கொண்டுவந்து இம்மலையடிவாரத்தில் தோட்டங்கள் அமைத்தனர். டச்சுக்காரர்களின் தனியுரிமையாயிருந்த சரக்குகளைத் தங்கள் ஆட்சியில் விளைவிக்க வேண்டுமென்பது அவர்கள் நோக்கம். நிழலும் ஈரமும் வேண்டிய அம்மரங்களுக்கு இவ்விடம் இசைந்தது. பெப்பர்மின்டின் இயல்போ இதற்கு மாறானது. அது நீண்ட பகலையும் குளிர்ந்த இரவையும் விரும்பும் பயிர். நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகை வடக்கேயுள்ள தென்காசியில் கோடையிலும் பகல் அதிகம் நீளுவதில்லை. இந்தியாவில் 1950-களில் ஜம்முவில் சோதித்துப் பார்க்கப்பட்டது ஜப்பான் புதினா என்னும் இனமாகும். பின்னர் லக்னோவிலுள்ள மத்திய மூலிகை, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரின் முயற்சியால் அது உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி முதலிய ஜில்லாக்களில் பரவி, உலகத்திற்கு வேண்டிய மென்தாலில் பெரும்பகுதியை இந்தியாவே அளிக்கும் நிலை உண்டாயிற்று. அந்தத் தைலத்தைக் குளிரவைத்தால் மென்தால் ஊசி ஊசியாக உறைந்து பிரியும். நாட்டு மருந்துக் கடைகளில் புதினா உப்பு என்று விற்பது அதுவே. ஆகையால் மலிவான சீசாக்களில் உள்ளது பெரும்பாலும் ஜப்பான் புதினாவின் தைலமே என்று கொள்ளலாம். குடியானவர்கள் இதைப் பயிராக்க ஆசைப்பட்டுப் பணத்தை இறைப்பதற்குமுன் வேளாண்மை அதிகாரிகளை யோசனை கேட்டுக்கொள்வது நலம்.

இனி இதன் குணங்கள். மென்தால் தோலில் பட்டவுடன் குளிர்வது போலத் தோன்றுகிறதே, அங்கே உஷ்ணம் உண்மையில் குறைவதில்லை. குளிரை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகளில் ஓர் உறுப்பு உண்டு. அதையே மென்தாலும் தூண்டிவிடுகிறது. 2002-இல் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு, வெப்பத்தையும் ஸ்பரிசத்தையும் உடல் உணரும் விதம் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஜலதோஷத்தில் இத்தைலத்தை முகர்ந்தவுடன் அடைத்த மூக்குத் திறந்துவிட்டதாக எல்லோருக்கும் தோன்றும். ஆனால் மூக்கின் வழியே செல்லும் காற்றை அளந்து பார்த்த ஆராய்ச்சிகளில், முகர்வதற்கு முன்னும் பின்னும் வித்தியாசம் காணப்படவில்லை. வீக்கம் அப்படியே இருக்க, குளிர்ந்த காற்று உட்புகுவது போன்ற உணர்ச்சி மட்டும் உண்டாகிறது. பெரியவர்கள் இரவில் நிம்மதியாக உறங்குவதற்கு அந்த உணர்ச்சியும் உதவும். கைக்குட்டையில் ஒரு துளி போதும். நோய் தீர்ந்ததாக எண்ணி, நாட்பட்ட இருமலையும் காய்ச்சலையும் இதைக் கொண்டே தள்ளிப்போடுவது மட்டும் தவறு.

வயிற்றுக்கு இது செய்யும் உபகாரம் உண்மையானது. குடலின் தசைகள் இறுகிப் பிசைவதைத் தளர்த்தி வாயுவைக் கலைக்கும்; நம் வீடுகளில் ஓமத் தீநீர் கொடுப்பதன் நோக்கமும் ஏறக்குறைய இதுவே. அடிக்கடி வயிறு உப்பி, வலித்து, மலம் ஒழுங்குதப்பும் குடல் எரிச்சல் நோய்க்கு, குடலில் சென்றே கரையும் உறையிட்ட மாத்திரையாக, ஒரு வேளைக்கு 0.2 மில்லிலிட்டர் அளவில் வைத்தியர்கள் கொடுக்கின்றனர். அமெரிக்கக் குடல்நோய் நிபுணர் சங்கத்தாரும் 2021-இல் இதை ஒரு சிகிச்சையாக ஏற்றுள்ளனர். சீசாவிலுள்ள தைலத்தைத் தண்ணீரில் விட்டுக் குடிப்பது இதற்கு ஈடாகாது. தைலம் நீரில் கலவாமல் மேலே நின்று தொண்டையையும் இரைப்பையையும் சுடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இத்தைலம் இரைப்பையின் மேல்வாயையும் தளர்த்தி எரிச்சலை அதிகப்படுத்தும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

தலைவலிக்கு நெற்றியில் தடவுவதும் வீண்நம்பிக்கையன்று. ஜெர்மனியில் 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாராயத்தில் பத்திலொரு பங்கு பெப்பர்மின்ட் தைலம் கலந்த மருந்து, சாதாரணத் தலைவலிக்குப் பாரசிட்டமால் மாத்திரை அளவுக்கு ஆறுதல் தந்தது. வீட்டில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் இரண்டு துளி கலந்து, கண்ணுக்கு எட்டாமல் நெற்றிப் பொட்டுகளில் தடவலாம். தடவிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் தலைவலியே மேல் என்று தோன்றிவிடும். பல்வலிக்கு இதைவிடக் கிராம்புத் தைலமே நன்று. அதுவும் பல் வைத்தியரிடம் போய்ச் சேரும்வரைதான்.

குழந்தைகள் விஷயத்தில்தான் முழுக் கவனமும் வேண்டும். அருவியில் நனைந்து வந்த குழந்தைக்கு மூக்கொழுகினால், பெரியவர்கள் அன்பினால் மூக்கடியிலும் மார்பிலும் தைலத்தைத் தடவுவதுண்டு. மென்தாலின் காரம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கில் ஏறினால், குரல்வளை திடீரென்று இறுகி மூச்சே நின்றுபோகக்கூடும். இதனாலேயே அந்த வயதுக் குழந்தைகளுக்குப் பெப்பர்மின்ட் தைலம் ஆகாதென்று ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் விதித்துள்ளனர். அப்படிப்பட்ட குழந்தையின் உடலை உடனே துவட்டி, உலர்ந்த துணியால் போர்த்தி, தாய்ப்பால் கொடுத்துவந்தாலே சாதாரணச் சளி தானாக இறங்கும். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கும்போது விலாப்பக்கம் உள்ளிழுத்தாலோ தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதன் உறவுச் சரக்கான கற்பூரம் இன்னும் கொடியது. கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு மூன்றையும் ஒரு சீசாவில் இட்டுக் குலுக்கினால், தண்ணீர் ஒரு துளியும் சேர்க்காமலே மூன்றும் இளகித் தைலமாகிவிடும். மூட்டுவலிக்குப் பூசுவதற்காக இதைப் பலர் வீட்டிலேயே செய்து வைத்துக்கொள்ளுகின்றனர். பெரியவர்கள் வெளியே பூசிக்கொள்வதற்கு இது ஆகும். ஆனால் கற்பூரம் ஒரு கிராம் அளவு உள்ளே போனாலும் சிறு குழந்தைக்கு வலிப்பு கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம். அமெரிக்க அரசாங்கத்தார் 1983-இல் பூச்சு மருந்துகளில் கற்பூரம் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேற்படலாகாதென்று கட்டளையிட்டதும் இக்காரணம் பற்றியே. நீலகிரித் தைலமும் ஒரு தேக்கரண்டி அளவில் குழந்தைக்கு விஷமாகும்.

வீட்டு உபயோகத்தில் பெப்பர்மின்ட் தைலம் சில சில்லறை வேலைகளுக்கு நன்றாகவே ஆகிறது. வாளித் தண்ணீரில் பத்துத் துளி விட்டுத் தரை துடைத்தால் மழைக்காலத்துப் பூஞ்சை நாற்றம் மறையும். நாற்றம் மறைவதேயன்றிக் கிருமிகள் ஒழிந்ததாகக் கருதலாகாது. எறும்புச் சாரியின்மேல் தைலம் தோய்ந்த துணியால் துடைத்தால், வழிகாட்டும் வாசனை அழிந்து எறும்புகள் திகைத்துக் கலையும். சர்க்கரை டப்பாவின் மூடி சரியாயிராவிட்டால் மறுநாளே திரும்பிவரும். கொசு சிறிது நேரம் ஒதுங்குமே தவிர, அதை நம்பி வலையில்லாமல் படுக்கலாகாது. எலிகளுக்கு அஞ்சி மூலைதோறும் பஞ்சில் தோய்த்து வைப்பதைவிட, தானியக் குதிரின் ஓட்டையை அடைப்பது சிக்கனமானது.

சீசா கருநிறக் கண்ணாடியாயிருந்து, வெயிலும் அடுப்பு வெக்கையும் படாத இடத்தில் இறுக மூடியிருக்கவேண்டும், தைலம் தீப்பற்றக்கூடியது. இருமல் மருந்துச் சீசாக்களோடு ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. இருட்டில் கைமாறிய சீசாவிலிருந்து கரண்டியில் ஊற்றிவிடுவது எவர் வீட்டிலும் நிகழக்கூடியதே. குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டதாகத் தெரிந்தால், வாயில் விரலிட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாந்தியின்போது தைலம் நுரையீரலில் இறங்கினால் தீங்கு இரட்டிப்பாகும். வாயைத் துடைத்துவிட்டு, 108 எண்ணுக்குச் சொல்லி ஆம்புலன்ஸ் வரவழைத்தோ கிடைத்த வண்டியிலோ அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். எவ்வளவு உள்ளே போயிற்றென்று வைத்தியர் மதிப்பிடுவதற்காக, மிச்சமுள்ள தைலத்தோடு அந்தச் சீசாவையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.