வேலிக்குக் கள்ளி நடுதல்

நீரிறைத்துப் பேணிய கத்தரியும் மிளகாயும் கட்டாக்காலி மாடுகளால் ஒரே இரவில் அழிந்துபோதல் கூடும். ஆகையால் தோட்டத்துக்கு வேலி இன்றியமையாதது. கிளுவையும் பூவரசும் வேலிக்குச் சிறந்தவை, குழையும் தருபவை. ஆயினும், நீரூற்ற வசதியில்லாத வரண்ட புறவெல்லையில் அவற்றின் கதியால்கள் பட்டுப்போவதுண்டு. அத்தகைய எல்லைக்குக் கொம்புக்கள்ளி உகந்தது.

ஆபிரிக்காவிலிருந்து வந்த இக்கள்ளிக்கு முள் இல்லை. சிற்றிலைகள் விரைவில் உதிர்ந்துவிட, பென்சிற் பருமனான பச்சைத் தண்டுகளே உணவு ஆக்குகின்றன. இதனால் வரட்சியைத் தாங்கும். பால் எரிவுண்டாக்குவதால் ஆடு மாடுகள் பெரும்பாலும் இதனைத் தின்பதில்லை.

துண்டம் எடுத்தல்

முதிர்ந்த கிளைகளிலிருந்து ஏறக்குறைய 1 அடி நீளமான துண்டங்களைக் கூரிய கத்தியால் வெட்டுக. வெட்டுவாயை நீரில் தோய்த்தாற் பால் வடிவது குறையும். பின்னர் நிழலிலே 1 வாரம் வரை வைத்து, வெட்டுவாய் நன்கு உலர்ந்த பின்னரே நடுதல் வேண்டும். பலர் தவறுவது இங்கேயாகும். வெட்டியவுடன் ஈரமண்ணில் நட்ட துண்டம் வேர்விடுமுன் அழுகிவிடும்.

நடுகையும் பராமரிப்பும்

நீர் வடிந்தோடும் மணற்பாங்கான நிலமே ஏற்றது. வெள்ளம் நிற்கும் வயலோரம் உதவாது. பெருமழைக்கு முன், புரட்டாதி மாதத்தில், 1 அடிக்கு ஒன்றாக 3 அல்லது 4 அங்குல ஆழத்தில் நடுக. மண் காய்ந்த பின்னரே சிறிது நீர் ஊற்றுக. கன்றுகள் மிதிபடாதவாறு முதலில் அலம்பல் அடைத்தல் நன்று. 4 அடி உயர்ந்ததும் நுனியை வெட்டினால் பக்கக்கிளைகள் பெருகி வேலி அடர்த்தியாகும். வெட்டிய நுனிகளை உலர்த்தி மீண்டும் நடலாம்.

எச்சரிக்கை

கள்ளிப்பால் கண்ணிற் பட்டாற் கடும் வேதனையுண்டாகும். கருவிழி புண்பட்டுப் பார்வை மங்கும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணிக; காற்றுக்கு எதிரே நின்று வெட்டற்க. தோலிற் பட்ட பாலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டாற் கசக்காது, சுத்தமான நீரால் 15 நிமிடங்களுக்குக் குறையாமற் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. கைமருந்து இட்டுத் தாமதித்தல் ஆகாது.

சிறுவர் விளையாடும் முற்றத்திலும் கிணற்றடியிலும் இதனை நடவேண்டாம். அங்கே கிளுவையே போதும். கள்ளி புறவெல்லையில் நிற்கட்டும்.