பித்தளையில் எழுதிய வரலாறு

போர்க்களத்திலே நம்மவர் யார், மாற்றார் யார் என்று அறிவதற்காகப் பண்டைத் தமிழ் வீரர் பூச் சூடினர். சேரன் படைக்குப் பனம்பூ. சோழன் படைக்கு ஆத்தி. பாண்டியன் படைக்கு வேம்பு. பூவின் பயன் இதுவே எனத் தொல்காப்பியமும் கூறுகிறது. ஐரோப்பியர் இதே தேவைக்காகக் கேடயத்தில் குடிச் சின்னங்களைத் தீட்டினர். காலப்போக்கில் அச்சின்னங்கள் வீரனின் தொப்பிக்கும், பொத்தானுக்கும், இடைவாரின் கொக்கிக்கும் இறங்கி வந்தன. பூ வாடிவிடும், உலோகம் நிற்கும். ஆகவேதான் ஒரு பழைய பொத்தானை நாம் இன்றும் படிக்க முடிகிறது.

கோலார்த் தங்கவயலுக்கும் இத்தகைய பொத்தான்களுக்கும் தொடர்பு உண்டு. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், இந்தியாவில் வாழ்ந்த வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும் தம் தொழிலைச் செய்துகொண்டே பயிற்சி பெறும் தன்னார்வப் படைகள் பெருகின. சென்னையில் 1857-இலும், பெங்களூரில் 1868-இலும் இவை தோன்றின. தங்கவயலுக்கென ஒரு துப்பாக்கித் தொண்டர் படை 1903-இல் அமைந்தது. விக்டோரியா அரசி மறைந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. உடையும் சின்ன முறையும் அவர் காலத்து வழக்கையே தழுவி நின்றன. 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படையிலும், 1920-இல் துணைப் படையிலும் இது ஒரு பிரிவாயிற்று. 1947-இல் கலைக்கப்பட்டது.

சின்னத்தை எப்படிப் படிப்பது? முதலில் முடியைப் பாருங்கள். விக்டோரியா காலத்து முடியில் மேல்வளைவுகள் நடுவிலே சற்றுத் தாழ்ந்திருக்கும். 1901-இல் ஏழாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்தபின் வளைவுகள் தாழாமல் குவிந்து உயர்ந்தன. எலிசபெத் அரசி காலத்தில் மீண்டும் தாழ்ந்த வளைவு வந்தது. ஆனால் அதற்குள் இங்குத் தொண்டர் படைகளே இல்லாமற் போயின. ஆகவே இந்நாட்டுத் தொண்டர் படைச் சின்னத்தில் முடி நடுவே தாழ்ந்திருந்தால், அது 1901-க்கு முற்பட்ட வார்ப்பு என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

அடுத்தது, கயிற்றில் தொங்கும் ஊதுகொம்பு. அணிவகுத்துச் செல்லும் காலாட்படைக்கு முரசு போதும். சிதறிப் பதுங்கிச் சுடும் துப்பாக்கி வீரருக்குத் தொலைவில் கேட்கும் கொம்பொலி வேண்டும். அதனால் கொம்பு அவர்களுடைய சின்னமாயிற்று. துப்பாக்கிப் படைகள் பலவற்றில் பொத்தான்கள் கறுப்பாக இருந்ததற்கும் காரணம் உண்டு. வெயிலில் பளபளக்கும் பொத்தான் பதுங்கியிருப்பவனைக் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

மூன்றாவது, உலோகத்தின் நிறம். நிலைப் படையினருக்குப் பொன்னிறம், தொண்டர் படையினருக்கு வெண்ணிறம் என்பது பிரிட்டனில் பொதுவான வழக்கு, விலக்குகளும் உண்டு. பொன்னிறம் என்றால் பொன் அன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை அது. அக்கலவையில் நிக்கலையும் சேர்த்தால் வெண்ணிறம் வந்துவிடும். வெள்ளி ஒரு துளியும் இல்லாத இதனைத்தான் நாம் ஜெர்மன் வெள்ளி என்கிறோம்.

அதிகாரிகளின் சின்னங்களுக்கு மட்டும் மெய்யான பொன் முலாம் பூசுவதுண்டு. பழைய முறையில் பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசிச் சூடாக்குவர்; பாதரசம் ஆவியாகிவிட, பொன் ஒட்டிக்கொள்ளும். 1840-க்குப் பின் பரவிய மின்முலாம் முறையில் சயனைடுக் கரைசலில் உள்ள பொன் சின்னத்தின்மேல் படிகிறது. தங்கவயலில் பாறைத்தூளிலிருந்து பொன்னைப் பிரித்ததும் பாதரசமும் சயனைடுந்தாம். நம் ஊர்ச் சயனைடு மேடுகளுக்கும் ஓர் அதிகாரியின் தொப்பிச் சின்னத்துக்கும் வேதியியல் ஒன்றே. ஒன்று பொன்னை எடுத்தது. மற்றொன்று பொன்னைப் பூசியது.

சின்னத்தில் இருப்பதைப் படித்தோம். இல்லாததையும் படிக்க வேண்டும். தங்கவயலின் ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். தன்னார்வப் படைகளின் வாயில் இந்தியருக்குப் பொதுவாக அடைபட்டே இருந்தது. அதனைத் திறக்குமாறு 1886-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு தீர்மானம் நிறைவேற்றியும் பெரும் பயன் விளையவில்லை. ஆட்சியின் நலன் காக்கத் துப்பாக்கி ஏந்தியவனுக்கு முடியும் கொம்பும் பொறித்த சின்னம் கிடைத்தது. பொன்னை வெட்டியவனிடமோ கைரேகை கேட்கப்பட்டது. ரேகை பதிந்து பெயரைப் பதிவுசெய்யும் திட்டத்தை எதிர்த்தே 1930-இல் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒருவன் பெருமையோடு அணிந்துகொள்ளும் அடையாளம் வேறு. ஐயப்பட்டு அவனிடமிருந்து வாங்கும் அடையாளம் வேறு. இவ்வேற்றுமையை அன்றே உணர்ந்தவர்கள் அவர்கள்.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி மக்கள் பல ஊர்களுக்குச் சிதறிய நிலையில், பழைய பித்தளை எடைக்கு எடை விலைபோவது எளிது. தோழர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய பொத்தானோ, கொக்கியோ, பாட்டனாரின் வேலைச் சீட்டோ கிடைத்தால் விற்றுவிடாதீர்கள். உலோகமாயின் புளியிட்டுத் தேய்க்கவும் வேண்டா; தேய்த்தால் முடியின் வளைவும் எழுத்தும் மழுங்கிவிடும். முன்புறமும் பின்புறமும் படம் எடுத்து, யாரிடமிருந்து எப்படி வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கொக்கிக்குத் தரும் மதிப்பை வேலைச் சீட்டுக்கும் தாருங்கள். தங்கவயலின் வரலாற்றை எழுத இரண்டும் வேண்டும்.